உத்திரத்துக்கு வந்த கூட்டம் வருஷம் முழுக்க வர: புது இணையதளம் வைத்திருப்பவர்களுக்கு

நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோவில்தான். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற குடும்பங்கள் அன்றைக்கு ஊருக்கு வந்து, குளத்தங்கரையிலோ வயல் நடுவிலோ இருக்கிற குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். ஊரை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆனவர்களுக்குச் சாஸ்தாவின் பெயர் தெரியும், கோவில் எங்கே என்பது தெரியாது. அவர்களுக்கு வழி சொல்லத்தான் ஒரு இணையதளம் தொடங்கினேன். முதல் வருஷம் உத்திரத்துக்கு முந்தின வாரம் நல்ல கூட்டம். உத்திரம் முடிந்த மறுநாள் பார்த்தால் பந்தல் பிரித்த இடம் மாதிரி தளம் வெறிச்சோடிக் கிடந்தது.

உடனே பயந்து போய், தினமும் ஏதாவது எழுத ஆரம்பித்தேன். அல்வா வரலாறு, அருவிகளின் பட்டியல், ஏற்கெனவே நூறு பேர் எழுதியதையே நானும் எழுதினேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று, ஒருத்தரும் வரவில்லை. தளத்தைப் புதுசாக வைத்திருப்பது என்றால் தினமும் புதுசாக எழுதுவது இல்லை என்பது அதற்கப்புறம்தான் புரிந்தது. இன்றைக்கு ஒருவர் வந்து ஒரு பக்கத்தைப் படித்து, அதை நம்பி வண்டி எடுத்துக் கிளம்பினால் அவர் ஏமாறாமல் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கம்தான் புதுசு, அது மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதியதாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தளத்துக்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்பட்டு என்னிடம் வந்தவர்களில் பலருக்கு எழுத்தில் குறை இல்லை, கூகுளுக்கு அந்தத் தளம் இருப்பதே தெரியவில்லை. தளம் கட்டப் பலரும் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் போய் வாசிப்பு என்ற பகுதியைத் திறந்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்கிற ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது செய்து கொடுப்பவர் அதை டிக் செய்து வைப்பார், முடித்துக் கொடுக்கும்போது எடுக்க மறந்துவிடுவார். முதல் வேலையாக அதைப் பாருங்கள். அப்புறம், தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள், காசு கிடையாது. உரிமையாளர் நீங்கள்தான் என்று காட்டிவிட்டு சைட்மேப், அதாவது தளத்தின் பக்கங்களின் பட்டியல், இருக்கிற முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பு 2020இல் வந்ததிலிருந்து சைட்மேப்பை அதுவே தயாரித்து வைத்துவிடுகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கோவில் அழைப்பிதழ், தலபுராணம், கடை நோட்டீஸ் எல்லாம் அச்சகத்தில் இன்னமும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில்தான் பல இடங்களில் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பை வாங்கி அப்படியே ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி நிற்கும். எல்லாப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும், இலவசமாக மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அதேபோல நோட்டீஸைப் படமெடுத்துப் படமாகவே போட்டுவிட்டு, எல்லா விவரமும் போட்டாச்சு என்று இருந்துவிடாதீர்கள். படத்தில் இருக்கிற தேதியையும் இடத்தையும் கீழே எழுத்தாகவும் எழுதுங்கள். தேடுகிறவர் கைக்கு வந்து சேர்வது அந்த எழுத்துதான்.

சரி, என்ன எழுதுவது?

பத்தமடையில் பாய்க் கடை வைத்திருக்கிற ஒரு அக்காவுக்கு நான்தான் தளம் பார்த்துக்கொள்கிறேன். கடை போன் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு வைக்கச் சொன்னேன். போனில் யார் என்ன கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நோட்டில் பாயின் பெருமை பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. “கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ளை பேரு போட எத்தனை நாளாகும்?” “தேதி தள்ளிப் போச்சு, நெய்ஞ்ச பாயில மாத்த முடியுமா?” “இங்கிலீஷ்ல பேரு வருமா?” “தண்ணி பட்டா சாயம் போகுமா?” இதுதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. தளத்தில் நாங்கள் எழுதி வைத்திருந்ததோ கோரைப் புல்லின் சிறப்பும் புவிசார் குறியீடும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கல்யாண வீட்டில் பரபரப்பாக இருக்கிறவருக்கு முதலில் வேண்டியது நாள் கணக்கு.

அக்காவிடம் உட்கார்ந்து கேட்டேன். கோரையை ஊறப்போட்டு, நார் நாராகக் கிழித்து, காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்குப் போகும், மெல்லிசுப் பாய் என்றால் நெய்யவே வாரக்கணக்கில் ஆகும், அடைமழைக் காலத்தில் கோரை காயாமல் இன்னும் இழுக்கும் என்று வரிசையாகச் சொன்னார். அதை அப்படியே ஒரு பக்கமாக்கினோம், தலைப்பும் அந்த நோட்டுக் கேள்விதான். முதல் வரியிலேயே பதில்: சாதாரணப் பாய்க்கு இத்தனை நாள், மெல்லிசுக்கு இத்தனை நாள், ஐப்பசி கார்த்திகையில் கூடுதலாக இத்தனை நாள். அதற்குக் கீழே ஏன் அவ்வளவு நாள் என்ற கதை. இன்று அந்தக் கடைத் தளத்துக்கு ஆள் வருவது பெரும்பாலும் அந்தப் பக்கம் வழியாகத்தான். வந்தவர்கள் கோரையின் கதையையும் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு நோட்டு வையுங்கள். நீங்கள் எழுத நினைப்பதற்கும் ஆட்கள் கேட்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அது காட்டிவிடும். என் சாஸ்தா தளத்தில் முதலில் ஒவ்வொரு கோவிலுக்கும் வரலாறு எழுதினேன். கேட்டதெல்லாம் வேறு. கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்கணும், கார் எதுவரைக்கும் போகும், விறகு கிடைக்குமா, தண்ணீர் கொண்டு போகணுமா, நடக்க முடியாத ஆச்சியைக் கூட்டிக்கொண்டு போகலாமா? இந்த விவரத்தை வீட்டில் உட்கார்ந்து யாரும் எழுத முடியாது, போய்ப் பார்த்துத்தான் எழுத வேண்டும். உங்கள் தளத்துக்கு மட்டும் சொந்தமான சரக்கு அதுதான். இப்போது ஏஐ கருவியிடம் சொன்னால் ஒரே நாளில் நூறு கட்டுரை கொட்டிவிடும், ஆனால் தேடலில் மேலே வருவதற்காகவே இப்படி மொத்தமாகக் குவிக்கிற பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சிலிருந்து ஸ்பாம் என்றே கணக்கில் எடுக்கிறது. அதை விடுங்கள், ஒருவர் குலதெய்வத்தைத் தேடி வருகிறார், அவருக்குத் தப்பான வழியைச் சொல்ல மனசு எப்படி வரும்?

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். நம்ம பக்கம் ஆட்கள் தேடுவது மாதத்தோடு மாறும். ஆனி வந்தால் நெல்லையப்பர் கோவில் தேரோட்டம். அதே சமயம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும், ஆவணி வரைக்கும் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதே கேள்வி. ஆடி அமாவாசைக்குப் பாபநாசமும் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலும். மார்கழி, தையில் கூந்தன்குளத்துப் பறவைகள். பள்ளி விடுமுறை, முகூர்த்த மாதங்கள், கொடை விழாக்கள் என்று இன்னும் இருக்கிறது. ஒரு தினசரிக் காலண்டரை எடுத்து உங்கள் தொழிலுக்கு எந்த மாதம் என்ன தேடுவார்கள் என்று குறித்துவிட்டு, கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாடு, ஐந்து வருஷம் என்று வைத்து அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், எந்த வாரத்தில் கோடு ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். அந்த ஏற்றத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்னாலேயே பக்கம் தயாராக இருக்க வேண்டும். புதுத் தளத்தின் பக்கம் தேடலில் ஊன்றி நிற்க நாள் பிடிக்கும், திருவிழாவுக்கு முந்தின நாள் எழுதினால் திருவிழா முடிந்த பிறகுதான் அது மேலே வரும்.

எனக்கு உத்திரத்துக்கு அப்புறமும் ஆள் வரத் தொடங்கியது கொடையால்தான், சுடலை மாதிரி ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கிற கோவில் விழா அது. உத்திரம் முடிந்து ஒரு நாள் சர்ச் கன்சோலில், என் தளம் தேடலில் காட்டப்பட்டும் யாரும் கிளிக் செய்யாத சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சுடலை கொடைக்கு என்ன சாமான் வாங்கணும்’, ‘கால்நாட்டு எப்போ’, ‘வில்லுப்பாட்டு குழு’ என்று வரிசையாக இருந்தது. சாஸ்தா பக்கங்களில் எங்கேயோ ஒரு வரியில் கொடை என்று எழுதியிருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு கூகுள் என்னைக் காட்டியிருக்கிறது, தேடியவருக்கு அங்கே பதில் இல்லை. ஆச்சியிடம் கேட்டேன். பச்சரிசியில் ஆரம்பித்து, வாழைக்குலை, பிச்சிப்பூ மாலை, சுடலைக்குச் சுருட்டு வரைக்கும் விரல் மடக்கிச் சொன்னாள், “ஊருக்கு ஊர் மாறும்லா, அதையும் எழுது” என்று சேர்த்துக்கொண்டாள். அந்த ஒரு பக்கம் சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் தளத்தைத் தாங்குகிறது. ஆகவே மாதம் ஒரு தடவை அந்தப் பட்டியலைத் திறந்து, அதிகமாகக் காட்டப்பட்டும் கிளிக் குறைவாக இருக்கிற சொற்களைப் பாருங்கள். பதில் இருந்தும் கிளிக் இல்லை என்றால் தலைப்பு மங்கலாக இருக்கிறது, தலைப்பை மாற்றுங்கள். பதிலே இல்லை என்றால் அடுத்து எழுத வேண்டிய பக்கம் அது. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும், அதனால் உத்திரம் முடிந்த கையோடு பார்த்தால் இந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தள்ளிப் போட்டால் பழையது அழிந்துவிடும், ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான் பெரிதாகச் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். குற்றாலம் சீசனுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தேன், முகவரியிலேயே வருஷத்தைப் போட்டு. அடுத்த வருஷம் புது முகவரியில் புதுப் பக்கம். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. பழைய பக்கத்துக்கு வாட்ஸ்அப்பிலும் மற்ற தளங்களிலும் ஆட்கள் கொடுத்திருந்த இணைப்பெல்லாம் பழைய முகவரியிலேயே தங்கிவிட்டது, புதுப் பக்கம் ஒவ்வொரு வருஷமும் சைபரிலிருந்து ஏறியது. ஒரே முகவரியில் வைத்து, அந்தந்த வருஷத்துத் தகவலை அதிலேயே மாற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தலைப்பில் வருஷம் இருக்கலாம், முகவரியில் வேண்டாம். பிறகு வருஷமில்லாத ஒரு முகவரி வைத்து, பழைய மூன்றையும் அதற்கு 301 ரீடைரக்ட் போட்டுத் திருப்பினேன். நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று தேடுபொறிக்குச் சொல்கிற முறை அது. நீங்கள் எந்தப் பக்கத்தின் முகவரியை மாற்றினாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

அந்த சீசன் பக்கத்தின் முதல் வரி எப்போதும் தேதியோடுதான் தொடங்கும். இன்ன தேதி காலை, பேரருவியில் குளிக்கலாம், ஐந்தருவியில் கூட்டம், பழைய குற்றாலத்தில் வெள்ளம் என்பதால் தடை என்று மூன்றே வரி. அதற்குக் கீழே மாறாத விவரங்கள். நாலு நாள் என்னால் பார்க்க முடியவில்லை என்றால் தேதியும் நாலு நாள் பழையதாகவே இருக்கும், படிப்பவர் புரிந்துகொள்வார். உள்ளே எதையும் மாற்றாமல் தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றிவிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கூகுளும் அதைத் தப்பு என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. அதைவிட, தேதியை நம்பிப் பிள்ளைகுட்டிகளோடு வந்து வறண்ட பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் உங்கள் தளத்துக்கு மறுபடி வர மாட்டார்.

பழைய பக்கங்களைத் திருத்துவதுதான் பாதி வேலை. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. இன்றைக்கும் எத்தனையோ தளங்களில் திருநெல்வேலி மாவட்டம் குற்றாலம் என்றுதான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 24 முதல் திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் வந்தே பாரத் ஓடுகிறது, எப்படி வருவது என்ற பக்கத்தில் நெல்லை எக்ஸ்பிரஸோடு நிறுத்தியிருந்தால் அது பழைய பக்கம். அதே வருஷம் டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்துக்குப் பிறகு நான் என் எல்லாக் கோவில் பக்கத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது, ஓடைக்கரைப் பாதை சில இடத்தில் அரித்துப் போயிருந்தது. குளம் நிறைந்தால் வழி மாறுகிற கோவில்களும் உண்டு, அதனால் இப்போது தை மாதத்தில் ஒரு சுற்று போய் வந்துவிடுகிறேன், உத்திரத்துக்கு முன்னால் திருத்த நேரம் இருக்கும். போக முடியாத இடத்துக்குப் போன் போட்டுக் கேட்கலாம். பக்கத்தில் போட்டிருக்கிற போன் நம்பரையும் வருஷம் ஒரு தடவை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள், பூசாரி மாறியிருப்பார். அவரைக் கேட்காமல் நம்பரைப் போடவும் கூடாது, உத்திரத்தன்று அவர் போன் ஓயாது.

திருத்தினால் எதைத் திருத்தினேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் புதுப் பக்கத்துக்குப் பழைய பக்கத்திலிருந்து இணைப்பு கொடுங்கள். கொடைச் சாமான் பக்கத்திலிருந்து அந்தந்தக் கோவில் பக்கத்துக்கு, அங்கிருந்து பொங்கல் வைக்கும் முறைக்கு என்று ஒருவர் நடந்துபோகிற மாதிரி இருக்க வேண்டும்.

ஒரே சாமியை அய்யனார், ஐயனார், சாஸ்தா, சாத்தா என்று பல விதமாக எழுதித் தேடுவார்கள். ஒரே பக்கத்தில் இயல்பாக வருகிற இடத்தில் இரண்டு மூன்று விதத்தையும் எழுதிவிடுங்கள், வரிசையாக அடுக்கினால் அசிங்கமாக இருக்கும். பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக அரை முழ நீளத்துக்கு நீண்டுவிடும், அதைப் பார்த்தால் ஏதோ மோசடி லிங்க் என்று பெரியவர்கள் தொட மாட்டார்கள். நம்ம ஊர்த் தளத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைவிடப் பெரிய வாசல் கிடையாது. அதனால் இணைப்பை அனுப்பினால் படமும் தலைப்பும் கூடவே வருகிறதா என்று உங்கள் வீட்டுக் குழுவில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். சேனல் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் மாதம் இரண்டு மூன்று தடவைக்கு மேல் அனுப்பாதீர்கள், சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும் அனுப்பினால் திறந்து பார்ப்பார்கள்.

படம் பெரிதாக இருந்தால் மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடாக இருக்கிற இடத்தில் பக்கம் திறக்காது, உங்கள் பக்கம் மிகவும் தேவைப்படுகிற இடமோ அதுதான். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவத்தில் சேமித்தால் இருநூறு கேபிக்குள் வந்துவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவு, பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியைப் போட்டால் எங்கே தாமதம் என்று சொல்லிவிடும்.

கடை உள்ளவர்கள் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் சரியாக வைத்தாலே பாதி ஆள் அங்கிருந்து தளத்துக்கு வருவார்கள். மற்ற தளங்களிலிருந்து இணைப்பு வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஊர்ச் சங்கம், கோவில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம் என்று உண்மையாகவே உங்கள் பக்கத்தால் பயன் பெறுகிறவர்களிடம் நேராகக் கேளுங்கள். மும்பை தாராவியில் நம்ம ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், அங்கிருக்கிற ஒரு ஊர்ச் சங்கத்தார் தங்கள் தளத்தில் கொடுத்த ஒரே இணைப்பு வழியாக இன்றும் எனக்கு ஆள் வருகிறது.

கடைசியாக ஹோஸ்டிங், அதாவது தளத்தை வைத்திருக்கிற வாடகை இடம். இரண்டாவது வருஷம் உத்திரத்துக்கு முந்தின இரவு தளம் படுத்துவிட்டது. குறைந்த விலைத் திட்டம் ஒன்றில் வைத்திருந்தேன், அவர்களைக் கூப்பிட்டால் மறுநாள் மதியம்தான் பதில் வந்தது, அதற்குள் பொங்கல் பொங்கி முடிந்திருந்தது. கூட்டம் வருகிற நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அந்த மாதத்துக்கு மட்டுமாவது பெரிய திட்டத்துக்கு மாறுங்கள், அல்லது பக்கங்களைக் கேஷ் (cache) செய்து, அதாவது தயார் நகலாகச் சேமித்து வையுங்கள். டொமைன், அதாவது தளத்தின் பெயர், புதுப்பிக்கும் தேதியை வீட்டுக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டுகிற லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாளுக்குத்தான், தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முழுத் தளத்தின் நகல் ஒன்று மாதம் ஒரு தடவை உங்கள் கையில் இருக்க வேண்டும், ஹோஸ்டிங் கணக்குக்குள்ளேயே இருக்கிற நகலை நம்ப முடியாது.

பத்தமடை அக்காவின் நோட்டில் இந்த வாரம் புதுசாக ஒன்று நாலு தடவை வந்திருக்கிறது. பாயைச் சுருட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால் மடிப்பு விழுமா என்று. ஞாயிற்றுக்கிழமை போய், ஒரு பாயைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் படமெடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சுருட்டுகிற படம் ஒன்று, பிரித்த படம் ஒன்று.